புது லப்டொப்பில் பழைய டிவிடி ஓடவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உப்புவெளியில், வீட்டு விறாந்தையில் மேசை போட்டுக் கொம்பியூட்டர் திருத்துகிறேன். மாதத்துக்கு நாலைந்து பேராவது ஒரு லப்டொப்பையும் ஒரு டிவிடியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சினிமாப் படம் பார்க்க இப்போது யாரும் டிவிடி தேடுவதில்லை. வருவதெல்லாம் கலியாணம், சாமத்தியச் சடங்கு, சிவராத்திரிக்குக் கோணேசர் நகர்வலம் வந்த காட்சி, செத்தவீடு. ஒரு காலத்தில் ஸ்டூடியோக்காரர் உறையில் பெயர் அச்சடித்துக் கொடுத்த இறுவட்டுகள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவிட்டேன்.

உங்களிடம் இருப்பது ஒரேயொரு தட்டு, வேறு யாரிடமும் கொப்பி இல்லை என்றால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் கீழே கொப்பி எடுப்பது பற்றிய கேள்விக்குப் போங்கள். பார்ப்பதைப் பிறகு பார்க்கலாம்.

டிவிடியைப் போட்டால் தட்டு சுற்றுகிறது, ஆனால் படம் வரவில்லை. லப்டொப் பழுதா?

பழுதில்லை. விண்டோஸ் 7 இருந்த காலத்தில் ஹோம் பிரீமியமும் அதற்கு மேற்பட்ட பதிப்புகளும் டிவிடியைத் தாமே ஓட்டின. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசொஃப்ட் அந்த வசதியை எடுத்துவிட்டது. 10-இலும் 11-இலும் அது திரும்பி வரவில்லை. உங்கள் லப்டொப்பில் 'மீடியா பிளேயர்' என்று ஒன்று இருக்கும்தான். அது பாட்டுப் போடும், போனில் எடுத்த வீடியோவைப் போடும். டிவிடியைக் கொடுத்தால் கையை விரிக்கும்.

இன்னும் பழைய எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். டிவிடியில் சுருக்கி வைத்த படத்தை விரித்துக் காட்டும் டீகோடர் எக்ஸ்பியோடு வரவில்லை. அப்போது நமக்கு அது தெரியாமல் போனதற்குக் காரணம், டிவிடி டிரைவ் வாங்கும்போது அதோடு ஒரு பிளேயர் சிடியும் பெட்டிக்குள் கிடக்கும், கடைக்காரப் பெடியன் அதையும் ஏற்றித் தந்துவிடுவான்.

ஏன் எடுத்தார்கள்? இவ்வளவு பெரிய கம்பனிக்கு இது ஒரு வேலையா?

வேலையைவிடக் காசுதான் பிரச்சினை. டிவிடியில் படம் இருப்பது எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கப்பட்டு. சுருக்காமல் வைத்தால் என்னவாகும் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் பக்கத்து ரீவி முறையான 'பால்' (PAL) முறையில் ஒரு படச்சட்டம் 720-க்கு 576 புள்ளி, விநாடிக்கு 25 சட்டம். அப்படியே எழுதினால் விநாடிக்குப் பதினைந்து எம்பிக்கு மேல் போகும். 4.7 ஜிபி தட்டு ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிடும், மாப்பிள்ளை காரில் இருந்து இறங்கக்கூட நேரம் போதாது. அதைச் சுருக்கி இரண்டு மணித்தியாலம் அடைக்கிறார்கள். சுருக்கியதை விரிப்பதற்கு ஒரு மென்பொருள் வேண்டும், அதுதான் டீகோடர். அதற்கான காப்புரிமை பல கம்பனிகளின் கையில் இருந்தது. டொல்பி ஒலிக்கும் தனிக் கட்டணம். விற்கிற ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் இதைக் கட்ட வேண்டும். லப்டொப்பில் டிவிடி டிரைவே இல்லாமல் போகிற நேரத்தில் யார் கட்டுவார்கள்?

அமெரிக்காவில் எம்பெக்-2-இன் கடைசிக் காப்புரிமையும் 2018-இல் காலாவதியானது. ஆனாலும் விண்டோஸ் பழைய வழிக்குத் திரும்பவில்லை.

சரி, இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

விஎல்சி என்ற பிளேயர் மென்பொருளைப் போடுங்கள். ஒரேஞ்ச் நிறத்தில், வீதி திருத்தும் இடத்தில் வைக்கும் கூம்பு மாதிரிப் படம் இருக்குமே, அதுதான். 1996-இல் பாரிசில் பொறியியல் மாணவர்கள் தொடங்கிய வேலை. மாணவர்கள் எங்கிருந்தோ கூம்புகளைச் சேர்த்து வைத்திருந்தார்களாம், அதுவே சின்னமாகிவிட்டது. இன்றுவரை இலவசம், விளம்பரமும் கிடையாது. டீகோடரைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால் விண்டோஸை நம்பி நிற்காது.

போட்ட பிறகு பலர் தட்டை உள்ளே தள்ளிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அது தானாக வராது. விஎல்சியைத் திறந்து 'மீடியா' என்ற பட்டியலில் 'ஓப்பன் டிஸ்க்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். கண்ட்ரோலையும் டி எழுத்தையும் சேர்த்து அழுத்தினாலும் அதே இடம்தான். அங்கே 'டிவிடி' தெரிவாகி இருக்கிறதா, கீழே உங்கள் டிரைவின் எழுத்து சரியா என்று பார்த்துவிட்டு 'பிளே' அழுத்துங்கள். தட்டு நின்று நிதானித்துத்தான் தொடங்கும், அரை நிமிடம் பொறுக்கலாம்.

ரோசாப்பூ பறக்கிற முகப்புப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால் அது டிவிடியின் மெனு. மவுஸால் சொடுக்குங்கள், அல்லது அம்புக்குறியும் என்டரும். மெனு சிக்கினால் திரும்பப் போய் 'நோ டிஸ்க் மெனூஸ்' என்ற பெட்டியில் சரி போட்டுவிட்டு ஓட்டுங்கள். நேரே படத்துக்குப் போகும். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

மைக்ரோசொஃப்டின் டிவிடி பிளேயர் விலைக்கு இருக்கிறதாமே? அதுதான் நல்லது என்கிறார்கள்.

இருந்தது, அமெரிக்கக் காசில் 14.99 டொலர். வேண்டாம். அந்தக் காசுக்கு யூஎஸ்பி டிரைவ் ஒன்றைப் பார்க்கலாம்.

விஎல்சி எங்கே எடுப்பது? தேடினால் பத்து இடம் காட்டுகிறது.

வீடியோலான் டொட் ஓர்க் என்ற அவர்களுடைய சொந்தத் தளத்தில் மட்டும். தேடும்போது மேலே விளம்பரமாக வருகிற 'இலவச டிவிடி பிளேயர்', 'கோடெக் பொதி' எதையும் தொடாதீர்கள். போன வருடம் ஒரு தம்பி அப்படி ஒன்றைப் போட்டு, பிறவுசர் திறந்தால் சூதாட்ட விளம்பரம், மூடினாலும் சூதாட்ட விளம்பரம் என்று கொண்டுவந்தான். டிவிடி மட்டும் கடைசிவரை ஓடவில்லை.

உண்மையான விஎல்சி 40 எம்பி சொச்சம்தான். வீட்டில் இணையம் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். ஏற்றும்போது இணையம் தேவையில்லை.

என் லப்டொப்பில் தட்டுப் போடும் இடமே இல்லை.

யூஎஸ்பியில் கொழுவும் டிவிடி டிரைவ் வாங்க வேண்டும், அல்லது கேட்டு வாங்க வேண்டும். ஒரு ஒழுங்கைக்கு ஒன்று இருந்தால் போதும் என்பது என் கருத்து. வருடத்தில் இரண்டு தரம் எடுக்கிற சாமான். பழைய டெஸ்க்டொப் எங்காவது கட்டிலுக்குக் கீழே கிடந்தால் இன்னும் நல்லது, அந்தப் பெரிய டிரைவ்கள் நோஞ்சான் தட்டுகளையும் பொறுமையாக வாசிக்கும்.

யூஎஸ்பி டிரைவைக் கொழுவினால் டிக் டிக் என்கிறது, பிறகு காணாமல் போய்விடுகிறது.

கரண்ட் போதவில்லை. யூஎஸ்பி 2 துளை ஒன்று கொடுப்பது அரை அம்பியர். தட்டைச் சுற்றத் தொடங்கும் நேரத்தில் டிரைவ் அதைவிடக் கூட இழுக்கும். சில டிரைவ்களுக்கு இரட்டைத் தலை வயர் தருவது இதற்காகத்தான், இரண்டு தலையையும் கொழுவுங்கள். ஒற்றைத் தலைதான் என்றால் நீல நிறத் துளையில் போட்டுப் பாருங்கள், அது பெரும்பாலும் யூஎஸ்பி 3, கொஞ்சம் கூடத் தரும். டெஸ்க்டொப் என்றால் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத் துளையில் கொழுவுங்கள். லப்டொப் சார்ஜரிலும் இருக்கட்டும்.

தட்டு சுற்றுகிறது, கர்ர் என்று இழுக்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது.

இங்கேதான் மென்பொருள் முடிந்து நம் ஊர் தொடங்குகிறது. வாடைக்காலத்தில் ஈரம், கச்சான் அடிக்கும் காலத்தில் புழுதி, வருடம் முழுக்கக் கடல் உப்பு. கடற்கரையோரம் இருப்பவர்கள் ஒரு கிழமை துடைக்காத கண்ணாடியை விரலால் தடவிப் பாருங்கள், பிசுபிசுக்கும். அதே பிசுபிசுப்புத் தட்டின் மேலும் டிரைவுக்குள் இருக்கும் லென்சின் மேலும் படிகிறது.

தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளிக் கண்ணாடி மாதிரி இருந்தால் அது தொழிற்சாலையில் அச்சிட்டது. ஊதா சாயல் அடித்தால் ஸ்டூடியோவில் எரித்தது. எரித்த தட்டில் பதிவு இருப்பது ஒரு சாயத்தில். வெயிலும் வெக்கையும் பட்டால் அந்தச் சாயம் மெல்ல மெல்லப் போகும். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரி மேல்தட்டில் பத்து வருடம் வைத்துவிட்டு, 'போன முறை ஓடியதுதானே' என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

துடைப்பதற்குப் பழைய பருத்திப் பெனியன் துண்டு போதும். நடுத் துளையில் இருந்து விளிம்பை நோக்கி நேராக இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கவே கூடாது, வட்டமாக விழுந்த கீறல் பதிவு ஓடும் திசையிலேயே போவதால் டிரைவுக்கு அதைத் தாண்ட முடியாது. பிசுபிசுப்பு விடவில்லையென்றால் சவர்க்காரம் கொஞ்சம் கரைத்த நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிடுங்கள். மண்ணெண்ணெய், பற்பசை, தின்னர் எல்லாம் வேண்டாம். ஏசி அறையில் இருந்து வெளியே எடுத்த தட்டில் பனி பூத்திருக்கும், அது போன பிறகு போடுங்கள்.

இன்னொன்று. சாதாரண டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. பழைய கிராமபோன் பாட்டுத்தட்டுக்கு நேர்மாறு. ஆகவே கலியாணத்தின் தொடக்கம் நடுத்துளைக்குப் பக்கத்தில், முடிவு விளிம்பில். நாம் பிடிப்பதும் விளிம்பில், உறையில் உரசுவதும் விளிம்பில். சல்லிக் கிராமத்தில் இருந்து ஒரு அக்கா தட்டோடு வந்தார். பொன்னுருக்கல் ஓடுகிறது, தாலிகட்டு ஓடுகிறது, பந்தி தொடங்கும் இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடுகிறது.

"தம்பி, தாலிகட்டு அல்பத்தில இருக்கு. அம்மா சோறு போட்டுக்கொண்டு போற துண்டு ஒண்டு இருக்கு, அது மட்டும் வந்தாப் போதும்."

என் யூஎஸ்பி டிரைவ் அதைத் தொடவே மாட்டேன் என்றது. 2008-இல் வாங்கிய டெஸ்க்டொப் டிரைவில் போட்டு, விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்சில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை ஓடவிட்டேன். அது நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். பின்னேரம் தொடங்கியது விடியத்தான் முடிந்தது. நாலைந்து விநாடிதான் போனது. அம்மா வாளியோடு வந்து, கமராவைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். அக்கா அதை மூன்று முறை போட்டுப் பார்த்தார்.

அப்போ கொப்பி எடுப்பது எப்படி?

வீட்டு நிகழ்ச்சித் தட்டில் பூட்டு எதுவும் இருக்காது, எடுப்பது சுகம். தட்டைப் போட்டு, 'திஸ் பிசி' திறந்து, டிரைவில் வலது சொடுக்கு, 'ஓப்பன்'. உள்ளே 'வீடியோ டிஎஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். 'ஓடியோ டிஎஸ்' என்று இன்னொன்று இருந்தால் அது அநேகமாக வெறுமையாக இருக்கும், பயப்பட வேண்டாம். வீடியோ டிஎஸ் ஃபோல்டரை முழுதாக இழுத்து ஹாட் டிஸ்கில் போடுங்கள். அதற்குப் 'பெரியக்கா கலியாணம் 2009' என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டருக்குள் போட்டால் பிறகு தேடி அலைய வேண்டியதில்லை. நல்ல தட்டென்றால் கால் மணித்தியாலம். பிறகு அந்த ஃபோல்டரையே இழுத்து விஎல்சியின் மேல் விட்டால் மெனுவோடு ஓடும். டிரைவ் இனித் தேவையில்லை.

உறையில் 4.7 என்று இருக்கும், விண்டோஸ் 4.37-க்கு மேல் காட்டாது. ஒன்றும் களவு போகவில்லை, தட்டுச் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

பென்டிரைவில் வைக்கும்போது ஒரு சிக்கல் வரும். பழைய பென்கள் ஃபேட்32 முறையில் இருக்கும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. வீடியோ டிஎஸ் ஃபோல்டருக்குள் ஒவ்வொரு கோப்பும் 1 ஜிபிக்கு உள்ளேதான், ஆகவே பிரச்சினையில்லை. முழுத் தட்டையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்தவர்களுக்குத்தான் 'கோப்பு மிகப் பெரியது' என்று அடம்பிடிக்கும். அவர்கள் பென்னை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபோர்மட் செய்ய வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் அழியும், பார்த்துச் செய்யுங்கள்.

ரீவியில் கொழுவிப் பார்க்கவோ வாட்ஸப்பில் அனுப்பவோ எம்பி4 வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்த ஃபோல்டரைக் கொடுங்கள், இரவில் ஓடவிட்டுப் படுங்கள். மாற்றிய பிறகு மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள், எம்பி4 என்பது மேலும் ஒருமுறை சுருக்கியது. ஒரு கொப்பி வீட்டில், ஒரு கொப்பி வேறு ஊரில் இருக்கும் சொந்தத்திடம். 2004 மார்கழியை இந்தக் கரையில் கண்டவர்களுக்கு ஏனென்று விளக்கத் தேவையில்லை.

படம் ஓடுகிறது, ஆனால் ஆட்கள் அசையும்போது ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடு விழுகிறது.

அந்தக் கால வீடியோ ஒவ்வொரு சட்டத்தையும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டாகப் பிரித்து எடுத்தது. பழைய ரீவிக்கு அது பொருந்தியது. இப்போதைய திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டும்போது, ஆலாத்தி சுற்றும் கை சீப்பாகிவிடுகிறது. படம் ஓடும்போது டி எழுத்தை மட்டும் ஒருமுறை அழுத்துங்கள். அல்லது 'வீடியோ' பட்டியலில் 'டீஇண்டர்லேஸ்' என்பதை 'ஒன்' ஆக்கி, கீழே 'யாடிஃப்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். படம் வழுவழுவென்று வரும்.

பாட்டு காதைக் கிழிக்கிறது, கதைப்பது கேட்கவில்லை.

இது கடையில் வாங்கிய சினிமாத் தட்டில் வருவது. ஐந்து ஸ்பீக்கருக்கு எழுதிய ஒலி, பேச்செல்லாம் நடு ஸ்பீக்கரில். உங்களிடம் இருப்பது இரண்டு. 'ஓடியோ' பட்டியலில் 'ஓடியோ டிராக்' பாருங்கள், இரண்டாவதாக ஸ்டீரியோ ஒன்று இருந்தால் அதற்கு மாறுங்கள்.

கனடாவில் இருந்து மாமா அனுப்பிய தட்டு ஓடவில்லை. லண்டன் தட்டு ஓடுகிறது.

முதலில் கேட்க வேண்டியது, அது சினிமாத் தட்டா, வீட்டுத் தட்டா. விற்பனைத் தட்டுகளுக்கு உலகத்தைப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். கனடாவும் அமெரிக்காவும் 1, ஐரோப்பா 2, அவுஸ்திரேலியா 4, நாமும் இந்தியாவும் 5. உறையின் பின்னால் பூமி உருண்டைக்குள் எண் இருக்கும். டிரைவின் எண்ணை ஐந்து தடவைதான் மாற்றலாம், ஐந்தாவதோடு அது அப்படியே நின்றுவிடும். 'பிராந்தியத்தை மாற்றவா' என்று விண்டோஸ் கேட்டால் ஓம் என்று சொல்ல முதல் யோசியுங்கள். பல டிரைவ்களில் விஎல்சி எண்ணைப் பொருட்படுத்தாமல் ஓட்டும், சிலவற்றில் டிரைவே மறுக்கும்.

மாமா வீட்டுப் பிறந்தநாள் தட்டுக்கு எண்ணே கிடையாது. அங்கே ரீவி முறை என்டிஎஸ்சி, இங்கே பால் என்று பயமுறுத்துவார்கள், அது பழைய ரீவிக்குத்தான் பிரச்சினை. கொம்பியூட்டருக்கு இரண்டும் ஒன்று. ஓடவில்லையென்றால் தட்டில் கீறல், அல்லது அடுத்த கேள்வி.

தட்டில் பதிந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, கொம்பியூட்டர் 'வெறும் தட்டு' என்கிறது.

பதிந்தவர் 'ஃபைனலைஸ்' செய்யாமல் விட்டிருக்கிறார். பதிந்த பிறகு கடைசியில் மூடி முத்திரை வைக்கிற வேலை அது. செய்யாவிட்டால் பதிந்த கருவியைத் தவிர வேறொன்றும் பெரும்பாலும் வாசிக்காது. எட்டு சென்ரிமீற்றர் குட்டித் தட்டில் பதிகிற கமராக்கள் வந்தனவே, அவற்றில்தான் இது அதிகம். அந்தக் கமரா இன்னும் உயிரோடு இருந்தால் அதிலேயே போட்டு மெனுவில் ஃபைனலைஸ் கொடுங்கள். குட்டித் தட்டை, தட்டம் வெளியே வரும் டிரைவின் உள்வட்டத்தில் வைக்கலாம். வாயால் விழுங்கும் டிரைவில் போட்டால் திரும்பி வராது.

வீசிடிக்கும் விஎல்சிதானா?

ஓம். 'ஓப்பன் டிஸ்க்' இடத்தில் டிவிடிக்குப் பதில் 'எஸ்விசிடி/விசிடி' தெரிவு செய்யுங்கள். படம் மங்கலாகத்தான் இருக்கும், அது தட்டின் தரம்.

மகன் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ் போட்டுவிட்டான். மகளிடம் அப்பிள் மக்.

மக்கில் டிவிடி பிளேயர் இன்னும் கூடவே வருகிறது, வெளி டிரைவ் மட்டும் வேண்டும். உபுண்டுவில் வீட்டுத் தட்டு விஎல்சியில் அப்படியே ஓடும். பூட்டுப் போட்ட சினிமாத் தட்டுக்கு 'லிப்டிவிடி' பொதியைத் தனியாக ஏற்ற வேண்டும். அந்தப் பூட்டின் பெயர் சிஎஸ்எஸ். 1999-இல் அதை உடைத்தவர்களில் ஒருவர் நோர்வேயின் ஜோன் லெக் யோஹான்சென், அப்போது 15 வயது. வழக்கே போட்டார்கள், நோர்வே நீதிமன்றம் 2003-இல் அவரை விடுவித்தது. சொந்தமாக வாங்கிய தட்டைப் பார்க்கத்தான் இந்த வழி. சினிமாத் தட்டைக் கொப்பி அடித்து விற்கிறவர்களுக்கு நான் உதவுவதில்லை, அதற்கு இங்கே 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது.

தட்டம் திறக்கவே இல்லை, தட்டு உள்ளே மாட்டிக்கொண்டது.

கொம்பியூட்டரை நிறுத்துங்கள். டிரைவின் முகப்பில் ஊசித்துளை ஒன்று இருக்கும். கடதாசிக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நேராக உள்ளே தள்ளுங்கள். கொஞ்சம் அழுத்தம் தெரியும், தட்டம் ஒரு விரல் அளவு வெளியே வரும், மிச்சத்தைக் கையால் இழுக்கலாம்.

இதெல்லாம் எனக்குச் சரிவராது. கொண்டுவரலாமா?

கொண்டுவாருங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு இருப்பேன். தட்டைத் துடைக்காமல், உறையோடு கொண்டுவாருங்கள். எட்டு ஜிபிக்குக் குறையாத பென் ஒன்றும் வேண்டும், அதை மறந்துவிட்டு வந்துதான் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள்.